பெரிய கஸ்டமரை இழந்த சப்ளையர் பங்கு பாதி விலையில் கிடைக்கிறது, வாங்கலாமா?

அரைவிலை கேட்டது:

உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் திரி வேறு பக்கம் போய்விடும். மொத்த விற்பனையில் 40 சதவீதம் ஒரே கஸ்டமரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. "இனி அந்தப் பாகத்தை நாங்களே செய்துகொள்கிறோம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை" என்று அந்த கஸ்டமர் எழுதிக் கொடுத்துவிட்டது. 18 மாதம் வரை ஆர்டர் தொடருமாம், அதற்குப் பிறகு பூஜ்யம். அறிவிப்பு வந்த அன்றே பங்கு 52 சதவீதம் இறங்கியது. அதிலிருந்து அதே விலையைச் சுற்றித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

எண்கள் உருட்டாக (எல்லாம் கோடியில்): விற்பனை 1,000, எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) 150, தேய்மானம் 40, வட்டி 20, வரிக்குப் பின் லாபம் 67. நிகரக் கடன் (கையிலுள்ள ரொக்கம் போக மிச்சக் கடன்) 200. சந்தை மதிப்பு 940 ஆக இருந்தது, இப்போது 450.

என் வாதம் இது: 40 சதவீத வியாபாரம் போனால் 40 சதவீத மதிப்புதானே போக வேண்டும்? 52 போயிருக்கிறது. கூடுதலாக விழுந்த 12 பயத்தில் விழுந்தது, அது திரும்பி வரும். பி/இ (பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 14-லிருந்து 7-க்கு வந்துவிட்டது. புத்தக மதிப்புக்கும் (கணக்கில் காட்டிய சொத்தில் கடன் போக மிச்சம்) கீழே கிடைக்கிறது. நீண்டகால முதலீடு இல்லை, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கான ஊகம்தான். இந்த வாதத்தில் எங்கே ஓட்டை?

---

கணக்குப்பிள்ளை பதில்:

ஓட்டை முதல் வரியிலேயே இருக்கிறது. விற்பனை 40 சதவீதம் குறைந்தால் லாபமும் 40 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொண்டீர்கள். தொழிற்சாலை வாடகை, மெஷின், மேற்பார்வை சம்பளம், ஆராய்ச்சிச் செலவு எதுவும் கஸ்டமரோடு கிளம்பிப் போகாது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு (மூலப்பொருள், சரக்குக் கட்டணம், ஒப்பந்தக் கூலி) 55 சதவீதம் என்று வைத்தால் 1,000-இல் 450 மிஞ்சுகிறது. எபிட்டா 150 என்றால் நிலையான செலவு 300. இப்போது விற்பனை 600. அதில் 45 சதவீதம் 270. நிலையான செலவு அதே 300. எபிட்டா மைனஸ் 30. விற்பனையில் 40 போனது, லாபத்தில் நூறுக்கு மேல் போய்விட்டது.

ஆனால் இது மோசமான பக்கத்துக் கணக்கு. பெரிய கஸ்டமர் எப்போதும் விலையைப் பிழிந்துதான் வாங்கியிருக்கும். அந்த 400 கோடி விற்பனையில் 30 சதவீதம்தான் மிஞ்சியது என்றால் அது 120. மற்ற 600 கோடியில் 330. அப்படியானால் கஸ்டமர் போன பிறகு 330 கழித்தல் 300, எபிட்டா பிளஸ் 30. மைனஸ் 30-க்கும் பிளஸ் 30-க்கும் நடுவில்தான் இந்த நிறுவனத்தின் உயிர் இருக்கிறது. ஆகவே முதலில் தேட வேண்டியது அந்தக் கஸ்டமரிடம் கிடைத்த மார்ஜின் (விற்பனையில் மிஞ்சும் சதவீதம்) என்ன என்பது.

நிறுவனம் நேரடியாகச் சொல்லாது. பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். ஒரே வாடிக்கையாளர் விற்பனையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தத் தொகையை வெளியிட வேண்டும் என்பது ஐஎஃப்ஆர்எஸ் 8 என்ற சர்வதேசக் கணக்கு விதி. அமெரிக்கக் கணக்கு விதியிலும் அதே 10 சதவீதம்தான். பெயர் சொல்லும் கட்டாயம் அந்த விதியில் இல்லை, "வாடிக்கையாளர் அ" என்று போட்டிருப்பார்கள், பரவாயில்லை. நான்கைந்து வருட அறிக்கையிலிருந்து அந்தப் பங்கை ஒரு வரிசையிலும் மொத்த லாப விகிதத்தை (விற்பனையில் உற்பத்திச் செலவு போக மிஞ்சும் சதவீதம்) அடுத்த வரிசையிலும் எழுதுங்கள். அந்தக் கஸ்டமரின் பங்கு ஏறிய வருடங்களில் மொத்த லாப விகிதம் இறங்கியிருந்தால், போனது மெலிந்த மார்ஜின் வியாபாரம். சேர்ந்தே ஏறியிருந்தால் உங்கள் ஊகத்தை இங்கேயே மூடிவிடலாம்.

நல்ல பக்கமே எடுத்துக்கொள்வோம், எபிட்டா 30. பி/இ-யை மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் 7-இல் கீழே இருப்பது போன வருட லாபம், அந்த லாபம் இனி இல்லை. கடனையும் சேர்த்துப் பாருங்கள். சந்தை மதிப்பு 450, நிகரக் கடன் 200, ஆக நிறுவன மதிப்பு 650. முன்பு 1,140. முன்பு எபிட்டாவைப் போல 7.6 மடங்கு, இப்போது 650-ஐ 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 மடங்கு. விலை பாதியானதும் பங்கு மூன்று மடங்கு விலையேறியிருக்கிறது என்று கூடச் சொல்லலாம்.

இதையே திருப்பிப் போட்டால் சந்தை என்ன நினைக்கிறது என்பது தெரியும். பழைய 7.6 மடங்கே நியாயம் என்றால், 650-க்கு 85 கோடி எபிட்டா வேண்டும். 30 கையில் இருக்கிறது. நிர்வாகம் நிலையான செலவில் 55 கோடி வெட்டும் என்று விலைக்குள் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. 18 மாத ஆர்டர் பாக்கியிருப்பதற்கு ஒரு மதிப்புக் கொடுக்க வேண்டும்: வருடத்துக்கு 120 வீதம் 180, வரி போக 135 என்று வையுங்கள். 650-இல் அதைக் கழித்தால் 515, அதற்குத் தேவையான எபிட்டா 68, வெட்ட வேண்டியது 38. அதாவது 300-இல் எட்டில் ஒரு பங்கு. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஆட்குறைப்புக்கும் குத்தகை முறிப்புக்கும் முன்பணமாக ஒரு தொகை போகும், பெரும்பாலும் ஒரு வருட மிச்சத்துக்குச் சமமாக. நீங்கள் வாங்குவது மலிவுப் பங்கு இல்லை. செலவு வெட்டு நடக்கும் என்று பந்தயம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

புத்தக மதிப்பைப் பற்றி ஒரு வரி. அதில் குட்வில் (வேறு நிறுவனத்தை வாங்கியபோது சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) எவ்வளவு, அந்தக் கஸ்டமருக்காக மட்டும் வாங்கிய அச்சுகளும் மெஷினும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அடுத்த தணிக்கையில் முதலில் கரைவது அந்த இரண்டும்தான்.

---

மூன்றாம்_காலாண்டு பதில்:

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இந்த வகைப் பங்கில் ஆளைக் கொல்வது லாப நட்டக் கணக்கு இல்லை, கடன் கொடுத்தவரின் நாட்காட்டி.

வங்கிக் கடனில் நிகரக் கடன் எபிட்டாவைப் போல 3 மடங்கைத் தாண்டக் கூடாது என்ற மாதிரி ஒரு நிபந்தனை இருப்பது சகஜம். காலாண்டுக்கு ஒருமுறை, கடந்த நான்கு காலாண்டு எபிட்டாவை வைத்துப் பார்ப்பார்கள். அதனால் அடி உடனே தெரியாது. ஆர்டர் நின்ற பிறகு ஒரு காலாண்டு எபிட்டா 37.5-லிருந்து 7.5-க்கு விழுகிறது. முதல் காலாண்டு முடிவில் நான்கு காலாண்டுக் கூட்டல் 120, விகிதம் 1.7. இரண்டாவதில் 90, விகிதம் 2.2. மூன்றாவதில் 60, 3.3 மடங்கு, நிபந்தனை மீறல். நான்காவதில் 30, 6.7 மடங்கு. இரண்டு காலாண்டு "எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது" என்று நிர்வாகம் மனசாரச் சொல்லும், பொய்யும் இல்லை. அந்த இரண்டு காலாண்டு அறிக்கையைப் பார்த்துவிட்டு உள்ளே வருபவர்கள்தான் மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு மேல் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. வியாபாரம் சுருங்கும்போது ரொக்கம் வெளியே வரும். 400 கோடி விற்பனைக்கு 90 நாள் கடன் என்றால் வரவேண்டிய பாக்கி சுமார் 99. அது வசூலாகும். அந்தக் கஸ்டமருக்காக வாங்கிய சரக்குக்குக் கொடுக்க வேண்டியது 60 நாள், சுமார் 46. இருப்பிலுள்ள சரக்கு 45 நாள், சுமார் 35. அந்த வடிவத்தை வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் பாதிதான் காசாகும், 17. ஆக 70 கோடி ஒரே தடவை கைக்கு வருகிறது. "நஷ்டத்திலும் ரொக்க வரத்து அமோகம்" என்று யாராவது பதிவு போடுவார்கள். அது நடைமுறை மூலதனம் கரைந்து வந்த பணம், அடுத்த வருடம் வராது. நல்ல விஷயம் என்னவென்றால் நிகரக் கடன் 200-லிருந்து 130 ஆகும், அதனால் மூன்றாம் காலாண்டில் 2.2 மடங்கில் தப்பித்துவிடும். நான்காவதில் 4.3. மீறல் ஒரு காலாண்டு தள்ளிப் போகிறது, அவ்வளவே. அந்த ஒரு காலாண்டுக்குள் வங்கியோடு பேசி நிபந்தனையைத் தளர்த்திக்கொள்ளும் நிர்வாகமா, இல்லை சும்மா உட்கார்ந்திருக்கும் நிர்வாகமா என்பதுதான் பார்க்க வேண்டியது.

தளர்த்துவதற்கு வங்கி கேட்கும் கூலி: வட்டி ஏற்றம், ஒரு கட்டணம், டிவிடெண்ட் நிறுத்தம், சில நேரம் "பங்கு மூலதனம் திரட்டி வாருங்கள்" என்ற கட்டளை. கடைசியாகச் சொன்னதுதான் உங்களைப் பாதிக்கும். பாதி விலையில் இருக்கும் பங்கில் உரிமைப் பங்கு (இருக்கும் பங்குதாரருக்கே விற்கும் புதுப் பங்கு) வெளியிட்டால் விலை அதற்கும் கீழே வைக்கப்படும். நிறுவனம் பிழைத்துக்கொள்ளும், நிறுவனத்தில் உங்கள் பங்கு சுருங்கி நீங்கள் நீர்த்துப் போவீர்கள்.

கடன் முதிர்வுத் தேதியையும் பாருங்கள். 12 மாதத்துக்குள் வந்துவிட்டால் அது நடப்புப் பொறுப்பாகக் கணக்கில் ஏறும், தணிக்கையாளர் நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற கேள்வியை எழுப்பித்தான் ஆக வேண்டும். இங்கே ஆர்டர் நிற்பது 18-வது மாதம். கடன் 20-வது மாதம் முதிர்கிறது என்றால் வங்கி புதுக் கடனைப் பற்றி யோசிக்கும் நேரமும் ஆர்டர் வற்றும் நேரமும் ஒன்றாக வருகிறது. அந்தப் பங்கைத் தொடவே மாட்டேன். முதிர்வு நான்கு வருடம் தள்ளி இருந்தால் கதை முற்றிலும் வேறு.

---

பழையதிரி பதில்:

கணக்கு எல்லாம் சரி. நிஜத்தில் இப்படி நடந்த மூன்றை எடுத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று விதமாக முடிந்திருக்கிறது. மூன்றிலும் கஸ்டமர் ஆப்பிள்தான்.

இமேஜினேஷன் டெக்னாலஜிஸ், லண்டனில் பட்டியலானது. ஐபோன் கிராஃபிக்ஸுக்கான வடிவமைப்பு உரிமம் இவர்களுடையது. 2017 ஏப்ரல் 3 அன்று, 15 மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் ஆப்பிள் தங்கள் தொழில்நுட்பத்தை நிறுத்தப் போகிறது என்று அறிவித்தார்கள். வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆப்பிளிடமிருந்து. 268 பென்ஸ் வாக்கில் இருந்த பங்கு அன்றே 60 சதவீதத்துக்கு மேல் விழுந்து 103 பென்ஸ் பக்கம் முடிந்தது. ஜூனில் முழு நிறுவனத்தையும் விற்பனைக்கு வைத்தார்கள். செப்டம்பரில் கேன்யன் பிரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனம் 182 பென்ஸ் கொடுப்பதாகச் சொன்னது, மொத்தம் 550 மில்லியன் பவுண்டு. அறிவிப்பு நாள் முடிவில் வாங்கியவர்களுக்கு ஏழெட்டு மாதத்தில் 75 சதவீதம். முன்பிருந்தே வைத்திருந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். ஒன்று கவனியுங்கள்: 182 என்பது முந்தைய நாள் விலைக்கு மேல் 42 சதவீத பிரீமியம். அதாவது விற்பனைக்கு வைத்த பிறகும் மூன்று மாதம் கழித்து சந்தை 128 பக்கம்தான் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் நாளே பாய வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

டயலாக் செமிகண்டக்டர், பிராங்க்ஃபர்ட்டில் பட்டியலானது. பவர் மேனேஜ்மென்ட் சிப். வருமானத்தில் முக்கால் பங்கு ஆப்பிள். 2017 ஏப்ரலில் ஒரு ஆய்வாளர் அறிக்கை, ஆப்பிள் சொந்தச் சிப் செய்கிறது என்று. ஒரே நாளில் 36 சதவீதம் வரை சரிவு. நிறுவனம் மறுத்தது, பங்கு கொஞ்சம் மீண்டது. டிசம்பரில் நிறுவனமே அந்த ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்டது, மறுபடி சரிவு. 2018 அக்டோபரில் ஆப்பிள் 600 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது: 300 மில்லியனுக்கு உரிமமும் சில சொத்துக்களும் 300-க்கு மேற்பட்ட பொறியாளர்களும், இன்னொரு 300 மில்லியன் அடுத்த மூன்று வருடச் சரக்குக்கு முன்பணம். பங்கு ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. 2021-இல் ரெனேசாஸ் என்ற சிப் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 67.50 யூரோ கொடுத்து முழுவதும் வாங்கிக்கொண்டது. இங்கே முதல் சரிவு கடைசிச் சரிவு இல்லை. ஆனால் கையில் ரொக்கமும், கஸ்டமருக்கே தேவைப்பட்ட ஆட்களும் இருந்ததால் காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ். இது கஸ்டமரே கடன்காரராகவும் இருந்த கதை. சஃபையர் செய்ய ஆப்பிள் 578 மில்லியன் டாலர் முன்பணம் ஒப்புக்கொண்டது, 439 மில்லியன் வரை கொடுத்தது, கடைசித் தவணை இலக்கு எட்டாததால் வரவில்லை. 2014 ஜூன் இறுதிக் கணக்கில் ரொக்கம் 333 மில்லியன். செப்டம்பர் 29-இல் 85 மில்லியன். அக்டோபர் 6 திவால் மனு. 11 டாலர் பங்கு ஒரே நாளில் ஒரு டாலருக்குக் கீழே போனது. 2016-இல் நிறுவனம் திவாலிலிருந்து வெளியே வந்தபோது பழைய பங்குகளுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. திவால் அன்று 80 செண்டுக்கு வாங்கி "93 சதவீதம் தள்ளுபடி" என்று சந்தோஷப்பட்டவர்களுக்கும் அதே பூஜ்யம்.

மூன்றையும் பிரிப்பது விழுந்த சதவீதம் இல்லை. கஸ்டமர் போன பிறகும் மூன்றாவது ஆள் ஒருவர் காசு கொடுத்து வாங்கும்படி என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான். காப்புரிமை, பொறியாளர், வேறு கஸ்டமருக்கும் ஓடும் உற்பத்தி வரிசை இருந்தால் ஒரு விலை உண்டு. அந்த ஒரே பாகத்துக்கு வார்த்த அச்சும், அடமானத்தில் இருக்கும் மெஷினும் மட்டும் இருந்தால் பழைய இரும்பு விலைதான்.

---

அரைவிலை:

எல்லோருக்கும் நன்றி. ஆண்டறிக்கையைத் தோண்டினேன். கடன் முதிர்வு 31 மாதம் தள்ளி. நிபந்தனை 3.25 மடங்கு. கஸ்டமர் பங்கு 31-லிருந்து 40-க்கு ஏறிய மூன்று வருடத்தில் மொத்த லாப விகிதம் கிட்டத்தட்ட இரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது, ஆக மெலிந்த மார்ஜின் பக்கம்தான் போல. ஷார்ட் இருப்பு (விலை இறங்கும் என்று இரவல் வாங்கி விற்ற பங்கு) மொத்தப் பங்கில் 11 சதவீதம். அந்தக் கஸ்டமரிடமே 6 சதவீதப் பங்கு இருக்கிறது, அது ஒரு பாதுகாப்பு இல்லையா? வாங்குவதென்றால் 10 சதவீதம் கீழே ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டு வாங்குவதா, மூன்று மாத கால் ஆப்ஷன் (குறித்த விலையில் வாங்கும் உரிமை) எடுப்பதா?

---

ஓரமா_நின்னு பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன்.

ஸ்டாப் லாஸ் இந்த மாதிரிப் பங்கில் பாதிதான் வேலை செய்யும். இங்கே விலை நகர்வது செய்தியில், செய்தி வருவது சந்தை மூடிய பிறகு. 100-க்கு வாங்கி 90-இல் ஸ்டாப் போட்டிருப்பீர்கள், மறுநாள் 71-இல் திறக்கும், உங்கள் ஆர்டர் 71-இல் போகும். இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் வைத்த ஸ்டாப் என்றால் போகவே போகாது. ஒரு நாளைக்கு இத்தனை சதவீதம்தான் இறங்கலாம் என்று வரம்பு வைத்திருக்கும் சந்தைகளில் இன்னும் மோசம்: 2021 மார்ச்சில் சீனாவின் ஓஃபில்ம், ஒரு வெளிநாட்டுக் கஸ்டமர் கைவிட்டதாக அறிவித்த மறுநாள் 10 சதவீத வரம்பில் போய் நின்றது. வரம்பில் பூட்டிய பங்கில் விற்க வரிசை இருக்கும், வாங்க ஆள் இருக்காது. அந்த விலையைப் பார்த்து "10 சதவீதம்தானே" என்று நினைக்கக் கூடாது. ஆகவே ஸ்டாப்பை நம்பி அளவைக் கூட்டாதீர்கள். முழுத் தொகையும் போனால் மொத்த முதலீட்டில் எவ்வளவு போகலாம் என்று முடிவு செய்து, அந்தத் தொகைக்கு மட்டும் வாங்குங்கள். 2 சதவீதம் என்றால் 2 சதவீதம். கடனில் வாங்கும் மார்ஜின் இதில் கூடவே கூடாது, ஏனென்றால் புரோக்கரே இந்தப் பங்குக்கு மார்ஜின் சதவீதத்தை இரவோடு இரவாக ஏற்றுவார்.

கால் ஆப்ஷன்: விலையைப் பாருங்கள். பங்கு 100, மூன்று மாதம், ஐவி (சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம்) 90 என்றால், ஸ்ட்ரைக் (வாங்கும் உரிமைக்குக் குறித்த விலை) அதே 100-இல் கால் சுமார் 18. காலாவதியில் பங்கு 118-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு ஒரு காசு. செய்தி அடங்கினால் ஐவி 55-க்கு இறங்கும், பங்கு அசையாமலே அந்தக் கால் 11-க்கு வந்துவிடும். சரியான பக்கம் ஊகித்தும் நஷ்டம் என்பது இதுதான். உங்கள் ஊகத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வேண்டும் என்கிறீர்கள், மூன்று மாத ஆப்ஷன் அதற்குப் பொருந்தவே இல்லை. ஆப்ஷன்தான் என்றால் நீண்ட தவணையில் ஒரு கால் வாங்கி மேலே ஒன்று விற்கும் ஸ்ப்ரெட் பாருங்கள்: ஏறிய ஐவியை நீங்களும் கொஞ்சம் விற்றதாக ஆகும்.

ஷார்ட் 11 சதவீதம் இருப்பது தானாக விலையை ஏற்றிவிடாது. ஷார்ட் பங்கு எண்ணிக்கையைத் தினசரி சராசரி வர்த்தகத்தால் வகுத்து, அவ்வளவையும் திருப்பி வாங்கி மூட எத்தனை நாள் ஆகும் என்று பார்ப்பார்கள். சரிவு வாரத்தில் வர்த்தகம் பத்து மடங்கு ஏறியிருக்கும், அந்தச் சராசரியை வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் போலத் தெரியும். சரிவுக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை எடுங்கள். அதோடு, அறிவிப்புக்கு முன்பே ஷார்ட் போட்டவர்கள் பெரிய லாபத்தில் இருக்கிறார்கள். 5 சதவீதம் ஏறினால் பதறி மூடப் போவதில்லை.

விற்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். முதல் சில நாள் விற்பது பயந்தவர்கள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் விற்பது விற்றே தீர வேண்டியவர்கள்: குறியீட்டிலிருந்து பங்கு வெளியேறினால் இன்டெக்ஸ் ஃபண்ட், டிவிடெண்ட் நின்றால் டிவிடெண்ட் ஃபண்ட், சந்தை மதிப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் வைத்திருக்க அனுமதி இல்லாத ஃபண்ட். குறியீட்டு மறுபரிசீலனைத் தேதி முன்கூட்டியே தெரியும். ஊகத்துக்காக வாங்குபவர் அந்தத் தேதிக்கு முன்னால் முழு அளவும் வாங்கி முடிப்பதில் அர்த்தமே இல்லை.

---

பழையதிரி:

6 சதவீதப் பங்கு பாதுகாப்பு இல்லை. இமேஜினேஷனில் ஆப்பிளுக்கு 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2016 மார்ச்சில் வாங்குவது பற்றிப் பேசியதாகவும், இப்போதைக்கு விலை சொல்லும் எண்ணம் இல்லை என்றும் ஆப்பிளே சொன்னது. அதற்குப் பிறகும் "எப்படியும் ஆப்பிள் வாங்கிவிடும்" என்று சொல்லி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஒரு வருடத்தில் வந்தது கைவிடும் கடிதம். கஸ்டமர் கையில் இருக்கும் பங்கை என்றைக்கோ சந்தைக்கு வரப்போகும் விற்பனையாக எண்ணுவதே பத்திரம்.

---

கணக்குப்பிள்ளை:

பழையதிரி சொன்ன உதாரணங்களில் ஒரு எச்சரிக்கை. இரண்டு கம்பெனியைக் கடைசியில் யாரோ வாங்கினார்கள் என்பதால் அதை அடிப்படைக் கணக்காக வைக்கக் கூடாது. அவை இரண்டும் சிப் வடிவமைப்பு நிறுவனங்கள், சொந்தமாக உற்பத்தி ஆலை நடத்துபவை இல்லை. உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அப்படி ஆள் வரிசையில் நிற்க மாட்டார்கள். வந்தாலும் அரசு அனுமதி என்ற வாசல் உண்டு: சீன அரசுப் பணம் பின்னால் இருந்த அதே கேன்யன் பிரிட்ஜ், லாட்டிஸ் செமிகண்டக்டரை வாங்குவதை 2017 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் தடுத்தார். அதே மாதம் இமேஜினேஷனை வாங்கும்போது அமெரிக்காவில் இருந்த மிப்ஸ் என்ற புராசஸர் பிரிவைத் தனியாக வேறொருவருக்கு விற்க வேண்டியிருந்தது.

ஆகவே மூன்று முடிவுகளுக்கும் நீங்களே ஒரு விலை, ஒரு வாய்ப்பு எழுதுங்கள். உதாரணத்துக்கு இன்றைய விலை 100. யாரோ வாங்கினால் 170, வாய்ப்பு 15 சதவீதம். செலவு வெட்டிச் சிறிய நிறுவனமாகப் பிழைத்தால் 115, வாய்ப்பு 50. மூலதனம் திரட்டி நீர்த்தாலோ கடன்காரர் கைக்குப் போனாலோ 30, வாய்ப்பு 35. கூட்டினால் 25.5 கூட்டல் 57.5 கூட்டல் 10.5, அதாவது 93.5. வாங்க இடமில்லை. 85-க்கு வந்தால் யோசிக்கலாம், 75-இல் வாங்கலாம். கடைசி வாய்ப்பை 35-லிருந்து 20-க்குக் குறைத்து அந்த 15-ஐ நடு முடிவுக்குக் கொடுத்தால் கூட்டல் 106 ஆகும். முழு ஊகமும் அந்த ஒரு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. 31 மாத முதிர்வும் 3.25 மடங்கும் அந்த எண்ணைக் குறைக்கத்தான் செய்கின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்டர் நிற்கும்போது முதிர்வுக்கு 13 மாதம்தான் மிச்சம். வங்கியோடு பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்த காலாண்டு அழைப்பில் (நிர்வாகம் முதலீட்டாளர்களோடு பேசும் அழைப்பு) நான்கு விஷயத்துக்குக் காது கொடுங்கள். 18 மாதத்தில் ஆர்டர் அளவுக்குக் குறைந்தபட்ச உறுதி இருக்கிறதா, அல்லது "எதிர்பார்ப்பு" மட்டும்தானா. இந்த ஒரு பதிலில் மேலே போட்ட 135 கோடி நிற்கும் அல்லது விழும். கஸ்டமருக்காகப் போட்ட அச்சுகளின் செலவை யார் ஏற்பது. செலவு வெட்டு எவ்வளவு, அதற்கான முன்செலவு எவ்வளவு, எந்தக் காலாண்டில். மற்ற கஸ்டமர்கள் கடன் நாட்களைக் கூட்டச் சொல்கிறார்களா, மூலப்பொருள் கொடுப்பவர்கள் ரொக்கம் கேட்கத் தொடங்கிவிட்டார்களா. கடைசிக் கேள்விக்குத் தயக்கமான பதில் வந்தால் மூன்றாம்_காலாண்டு சொன்ன 70 கோடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்: கொடுக்க வேண்டிய கணக்கு 60 நாளிலிருந்து 30-க்குச் சுருங்கினால் மிச்சக் கஸ்டமர்களின் சரக்குக்கும் சேர்த்துப் பணம் வெளியே போகும்.

---

மூன்றாம்_காலாண்டு:

ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் பட்டியலான நிறுவனம் என்றால், முக்கிய ஒப்பந்தம் முறிந்தால் நான்கு வேலை நாளுக்குள் 8-கே என்ற அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் ஒப்பந்தம் அதன் தேதியில் தானாக முடிந்தால் அந்த விதி பொருந்தாது. புதுப்பிக்காமல் விடுவது அந்த ஓட்டையில் நழுவிவிடும். ஆகவே இதே நிறுவனத்தின் இரண்டாவது பெரிய கஸ்டமர் யார், அந்த ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று ஆண்டறிக்கை இணைப்பில் தேடிவிட்டு வாருங்கள். முதல் கஸ்டமர் சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொண்ட பாகத்தை இரண்டாவது கஸ்டமரும் வாங்குகிறதென்றால் கணக்கை 600-இல் தொடங்காமல் அதற்கும் கீழே தொடங்க வேண்டியிருக்கும்.

---

அரைவிலை:

இரண்டாவது கஸ்டமர் 14 சதவீதம். வேறு பாகம், ஒப்பந்தம் இன்னும் இரண்டரை வருடம். காலாண்டு அழைப்பு வரை கையைக் கட்டிக்கொள்கிறேன். குறைந்தபட்ச உறுதி பற்றி என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.